பயங்கரவாதத் தாக்குதல்களும் செய்தி ஊடகங்களும்: மிகை எங்கே, குறை எங்கே?

பயங்கரவாதத் தாக்குதல்களுக்குச் செய்தி ஊடகங்கள் அளவுக்கு மீறி இடம் கொடுக்கின்றனவா, கொடுக்காமல் விட்டால் தாக்குதல்கள் குறையுமா என்பது கேள்வி. தாக்குதல் நடந்த முதல் இரண்டு நாட்களில் மிதமிஞ்சியும், அதற்குப் பிந்தைய மாதங்களிலும் ஆண்டுகளிலும் போதாமலும் இடம் கொடுக்கிறார்கள் என்பது முதல் பகுதிக்கு என் பதில். இரண்டாம் பகுதிக்கு, ஓரளவு குறையக்கூடும், ஆனால் மௌனத்தால் மட்டும் குறையாது என்றுதான் சொல்ல முடியும்.

இந்த விவாதத்தில் வழக்கமாக முதலில் எடுத்து வைக்கப்படுவது மரணங்களின் எண்ணிக்கை. அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டு மக்கள் எந்தெந்தக் காரணங்களால் இறந்தார்கள் என்பதையும், அந்தக் காரணங்களைப் பற்றி ‘நியூயார்க் டைம்ஸ்’, ‘கார்டியன்’ ஆகிய நாளிதழ்கள் எவ்வளவு எழுதின என்பதையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு பலராலும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மரணங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதயநோயால் நேர்ந்தவை. அதற்கு நாளிதழ்களில் கிடைத்த இடம் 2 முதல் 3 விழுக்காடுதான். பயங்கரவாதத்தால் நேர்ந்த மரணங்கள் 0.01 விழுக்காட்டுக்கும் குறைவு; அதற்குக் கிடைத்த இடமோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

அதிரவைக்கும் ஒப்பீடுதான், ஆயினும் இதை நான் பாதிதான் ஏற்கிறேன். இதயநோய் யாரையும் மிரட்டி எதையும் சாதிக்க நினைப்பதில்லை; அடுத்த இலக்கைத் தேடுவதுமில்லை. பயங்கரவாதம் ஒரு சமூகத்தின் அரசியலை அச்சத்தால் திருப்ப முயலும் குற்றம் என்பதால், அதில் இறந்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து அதன் செய்தி மதிப்பை அளந்துவிட முடியாது. மேலும், பயங்கரவாதத்தால் இறப்பவர்கள் மிகச் சிலரே என்ற கூற்று செல்வந்த நாடுகளுக்கு மட்டுமே பொருந்தும். 2014ஆம் ஆண்டில் உலகெங்கும் 32,000க்கும் மேற்பட்டோர் பயங்கரவாதத்துக்குப் பலியானார்கள் என்றும், அவர்களுள் 78 விழுக்காட்டினர் ஈராக், நைஜீரியா, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், சிரியா ஆகிய ஐந்தே நாடுகளில் இறந்தார்கள் என்றும் உலகப் பயங்கரவாதக் குறியீட்டு அறிக்கை கணக்கிட்டது. அந்த மரணங்களைப் பற்றி உலக ஊடகங்கள் மிகையாக எழுதிவிட்டன என்று யாரும் குற்றம் சாட்ட முடியாது.

எண்ணிக்கையைவிட வலுவான வாதம் வேறொன்று இருக்கிறது. தாக்குதலைத் திட்டமிடுபவர்கள் ஊடகத்தை மனத்தில் வைத்தே திட்டமிடுகிறார்கள். பயங்கரவாதிகள் விரும்புவது நிறையப் பேர் பார்க்க வேண்டும் என்பதைத்தான், நிறையப் பேர் சாக வேண்டும் என்பதை அல்ல என்று ஆய்வாளர் பிரையன் ஜென்கின்ஸ் 1970களின் நடுவில் எழுதினார். பின்னாளில் நடந்த தாக்குதல்கள் பல, அவர்கள் இரண்டையும் விரும்புவார்கள் என்று காட்டிவிட்டன. ஆனாலும் பார்வையாளரைப் பற்றிய அவருடைய கணிப்பு பொய்க்கவில்லை. 2005இல் அல் கொய்தாவின் அய்மன் அல் ஜவாஹிரி ஈராக்கில் அந்த அமைப்பின் கிளைக்குத் தலைமை தாங்கிய சர்காவிக்கு எழுதியதாக அமெரிக்கா வெளியிட்ட கடிதத்தில், நாம் நடத்தும் போரில் பாதிக்கு மேல் ஊடகக் களத்தில்தான் நடக்கிறது என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. தன் ஆளின் கொடூரக் காணொளிகள் பொதுமக்களின் ஆதரவைக் கெடுத்துவிடும் என்று எச்சரிப்பதற்காக எழுதப்பட்ட கடிதம் அது. ஒரு நிறுவனத்தின் விளம்பரப் பிரிவுத் தலைவர் கிளை மேலாளருக்கு அனுப்பும் குறிப்பைப் போல் அது இருப்பதுதான் அதைப் படிக்கும்போது திகைக்க வைக்கிறது.

மிகை என்று நான் சொல்வது எது என்பதை, தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போதே நிகழும் நேரலையை வைத்துத்தான் தெளிவாகக் காட்ட முடியும். 1972 செப்டம்பர் 5 அன்று மியூனிக் ஒலிம்பிக் கிராமத்தில் இஸ்ரேலிய வீரர்களும் பயிற்சியாளர்களும் பணயக்கைதிகளாகப் பிடிக்கப்பட்டபோது, விளையாட்டு வீரர்களைப் போல் உடையணிந்த மேற்கு ஜெர்மன் காவலர்கள் துப்பாக்கிகளுடன் அந்தக் கட்டடத்தின் கூரையில் ஏறினார்கள். விளையாட்டுப் போட்டிகளை ஒளிபரப்ப உலகம் முழுவதிலிருந்தும் வந்து குவிந்திருந்த தொலைக்காட்சிக் கேமராக்கள் அந்தக் காட்சியை நேரலையில் காட்டின. வீரர்களின் குடியிருப்புகளில் தொலைக்காட்சிப் பெட்டிகள் இருந்தன என்பதும், உள்ளே இருப்பவர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்பதும் காவலர்களுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. அந்த முயற்சி கைவிடப்பட்டது. அன்றிரவு விமானத்தளத்தில் நடந்த மீட்பு முயற்சியும் தோற்று, எஞ்சியிருந்த இஸ்ரேலியப் பணயக்கைதிகள் ஒன்பது பேரும் ஒரு ஜெர்மன் காவலரும் உயிரிழந்ததற்குக் காவல்துறையின் தயாரிப்பின்மையே முதன்மைக் காரணம்; ஆனால் கூரை மீதான முயற்சி கைவிடப்பட்டதில் நேரலைக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

36 ஆண்டுகள் கழித்து, 2008 நவம்பரில் மும்பையில் அதே தவறு பன்மடங்காகப் பெருகியது. ஏறத்தாழ 60 மணி நேரம் நீடித்து 166 உயிர்களைப் பலிகொண்ட அந்தத் தாக்குதலில் ஈடுபட்டவர்களை, பாகிஸ்தானில் இருந்தவர்கள் தொலைபேசியில் தொடர்ந்து இயக்கிக்கொண்டிருந்தார்கள் என்பது பதிவான உரையாடல்களிலிருந்து தெரிந்தது. நரிமன் இல்லத்தின் கூரையில் கமாண்டோக்கள் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கியதுகூட நேரலையில் காட்டப்பட்டது. பாதுகாப்புப் படையினரின் நிலைகளையும் நகர்வுகளையும் தொலைக்காட்சிகள் காட்டிக்கொண்டே இருந்தது அவர்களுடைய பணியைக் கடினமாக்கியதோடு ஆபத்தானதாகவும் ஆக்கியது என்று, 2012இல் கசாப் வழக்கில் தீர்ப்பளித்த இந்திய உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. அந்த உரையாடல்களில் ஓரிடம் எனக்கு இதைவிடவும் முக்கியமாகப் படுகிறது. உங்கள் செயலை ஊடகங்கள் அமெரிக்காவின் செப்டம்பர் 11 தாக்குதலோடு ஒப்பிடுகின்றன என்று, ஹோட்டலுக்குள் இருந்தவனுக்கு மறுமுனையில் இருந்தவன் சொல்கிறான். இதில் எந்த ராணுவ ரகசியமும் இல்லை. நிரப்ப வேண்டிய நேரம் மிகுந்திருந்ததால் ஏதோ ஒரு செய்தியரங்கில் பேசப்பட்ட ஒப்பீடு, சில நிமிடங்களில் கொலையாளிக்குப் பாராட்டுப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

2015 ஜனவரியில் பாரிஸில் யூதர்களின் பேரங்காடி ஒன்றில் பணயக்கைதிகள் பிடிக்கப்பட்டபோது, சிலர் கீழ்த்தளத்தின் குளிர்பதன அறைக்குள் ஒளிந்திருந்தார்கள். அப்படி ஒருவர் அங்கே ஒளிந்திருக்கிறார் என்பதை ஒரு பிரெஞ்சுச் செய்தித் தொலைக்காட்சி நேரலையில் சொல்லிவிட்டது. அவர்கள் உயிர் தப்பினார்கள்; பிறகு அந்தத் தொலைக்காட்சியின் மீது வழக்குத் தொடுத்தார்கள். பாரிஸில் அந்த மாதம் தாக்குதல்கள் நடந்த மூன்று நாட்களின் ஒளிபரப்பை ஆராய்ந்த பிரெஞ்சு ஒழுங்குமுறை அமைப்பு 36 விதிமீறல்களைக் கண்டறிந்தது. மியூனிக், மும்பை, பாரிஸ் ஆகிய மூன்று இடங்களிலும் நேயர்களுக்கு அந்தக் கணத்தில் கட்டாயம் தெரிந்தாக வேண்டிய தகவல் மிகக் கொஞ்சம். எந்தப் பகுதிக்குப் போகக் கூடாது, எந்தச் சாலை மூடப்பட்டிருக்கிறது, உறவினர்கள் எந்த எண்ணில் விசாரிக்க வேண்டும் என்பதோடு அது முடிந்துவிடும். மற்றதெல்லாம், புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாதபோதும் ‘பிரேக்கிங் நியூஸ்’ பட்டையைத் திரையிலிருந்து எடுக்கத் துணியாத போட்டியின் விளைவு. இருபது விநாடிக் காட்சி ஒன்று நாள் முழுவதும் சுழல்கிறது. களத்தில் நிற்கும் நிருபர் அரை மணிக்கு ஒருமுறை தனக்குத் தெரியாததைச் சொல்லுமாறு கேட்கப்படுகிறார். அரங்கில் அமர்ந்திருக்கும் வல்லுநர் ஊகிக்கிறார். 1995இல் ஓக்லஹோமா சிட்டியில் 168 பேரைக் கொன்ற குண்டுவெடிப்புக்குப் பின், முதல் சில மணி நேரங்களில் இப்படி ஊகித்தவர்கள் பலர் மத்தியக் கிழக்கைக் கைகாட்டினார்கள். குண்டு வைத்தவர் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய ஓர் அமெரிக்கர்.

ஊடகக் கவனம் அடுத்த தாக்குதலைத் தூண்டுகிறதா என்பது இதைவிடச் சிக்கலான கேள்வி. தாக்குதல்கள் கூடுவதால் செய்திகள் கூடுகின்றனவா, செய்திகள் கூடுவதால் தாக்குதல்கள் கூடுகின்றனவா என்று பிரித்தறிவது எளிதன்று. பொருளியலாளர் மைக்கேல் ஜெட்டர் இதற்கு நுட்பமான ஒரு வழியைக் கையாண்டார். உலகின் வேறொரு மூலையில் பெரும் இயற்கைப் பேரிடர் நிகழும் நாட்களில் பயங்கரவாதச் செய்திகளுக்கு இடம் தற்செயலாகச் சுருங்குகிறது. அப்படிச் சுருங்கிய காலங்களை மற்றக் காலங்களோடு ஒப்பிட்டால் காரணம் எது, விளைவு எது என்று ஓரளவு பிரிக்கலாம். 1970 முதல் 2012 வரையிலான தாக்குதல்களையும் நியூயார்க் டைம்ஸ் செய்திகளையும் வைத்து இப்படி ஆராய்ந்த அவர், ஒரு நாட்டில் நடந்த தாக்குதலைப் பற்றிக் கூடுதல் கவனம் கிடைக்கும்போது அந்நாட்டில் அடுத்தடுத்த தாக்குதல்கள் கூடுகின்றன என்ற முடிவுக்கு வந்தார். ஒரே ஆய்வாளரின் முறையை வைத்து இறுதித் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது என்றாலும், திசையைக் காட்ட இது போதும். தனிமனிதர்கள் தனிமனிதர்களைப் பின்பற்றுவதற்கோ புள்ளிவிவரமே தேவையில்லை. 2011இல் நார்வேயில் 77 பேரைக் கொன்றவர் தன் நீண்ட அறிக்கையை இணையத்தில் அனுப்பிவிட்டுத்தான் கொலைக்குப் போனார். 2019இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவர் அவரைத் தன் முன்னோடியாகக் குறிப்பிட்டு அதே பாணியில் ஓர் அறிக்கை எழுதினார்.

பார்ப்பவர்களுக்கு நேரும் தீங்கைப் பற்றி நம்மிடம் இருக்கும் சான்றுகள் இன்னும் உறுதியானவை. 2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்றில், அடுத்த ஒரு வாரம் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அது பற்றிய செய்திகளில் மூழ்கியிருந்தவர்கள், குண்டுவெடிப்பை நேரடியாக எதிர்கொண்டவர்களைவிட அதிகமான மன அழுத்த அறிகுறிகளைத் தெரிவித்தார்கள். அச்சம் உயிரையும் பறிக்கும்: 2001 செப்டம்பருக்குப் பின் விமானப் பயணத்துக்கு அஞ்சி அமெரிக்கர்கள் காரில் செல்லத் தொடங்கியதால், அடுத்த பன்னிரண்டு மாதங்களில் சாலை விபத்துகளில் ஏறத்தாழ 1,500 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் மதிப்பிட்டார். கடத்தப்பட்ட நான்கு விமானங்களில் பயணம் செய்தவர்களின் எண்ணிக்கையைப் போல் இது பல மடங்கு.

குறை எங்கே என்ற கேள்விக்கு வருகிறேன். 2015 நவம்பர் 12 அன்று பெய்ரூட்டில் 40க்கும் மேற்பட்டோர் குண்டுவெடிப்பில் இறந்தார்கள்; மறுநாள் பாரிஸில் 130 பேர் கொல்லப்பட்டார்கள். இரண்டையும் செய்தது ஐ.எஸ். அமைப்பே, ஆனால் உலகத்தின் முதல் பக்கங்களில் இரண்டாவது மட்டுமே நிலைத்தது. 2017 அக்டோபரில் சோமாலியாவின் மொகதிஷுவில் ஒரு லாரி குண்டு 500க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. செய்திகளைத் தவறாமல் வாசிப்பவர்களிலும் எத்தனை பேருக்கு அது நினைவிருக்கும் என்பது ஐயமே. அடிக்கடி நிகழும் இடத்தில் நிகழ்ந்தால் அது செய்தியாகாது என்று ஆசிரியர்கள் சொல்லும் காரணத்தில் தொழில்முறை நியாயம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அதன் விளைவு, மிக அதிகமாகப் பாதிக்கப்படும் மக்கள் பார்வையிலிருந்து மறைவதுதான். தாக்கியவர் யார் என்பதும் இடத்தைத் தீர்மானிக்கிறது. 2006 முதல் 2015 வரை அமெரிக்காவில் நடந்த தாக்குதல்களை ஆராய்ந்த எரின் கேர்ன்ஸ் குழுவினர், பலியானவர்களின் எண்ணிக்கை போன்ற பிற காரணிகளைக் கழித்துப் பார்த்தபின்னும், முஸ்லிம்கள் செய்த தாக்குதல்களுக்கு மற்றவற்றைவிட 357 விழுக்காடு கூடுதலான செய்திகள் வந்ததைக் கண்டார்கள். ஆகவே மிகை என்பதே எல்லாத் தாக்குதல்களுக்கும் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றின் மீது குவிந்து, சமூகத்துக்கு யார் ஆபத்தானவர்கள் என்ற தவறான படத்தை வரைந்துவிடுகிறது.

அப்படியானால் எழுதாமலே விட்டுவிடலாமே என்பவர்களுக்கு 1977ஆம் ஆண்டு மாஸ்கோவை நினைவூட்டலாம். அந்த ஜனவரியில் சுரங்க ரயிலில் குண்டு வெடித்து ஏழு பேர் இறந்தபோது சோவியத் ஊடகங்கள் சில வரிகளோடு முடித்துக்கொண்டன; அதனால் யாருடைய அச்சமும் தணியவில்லை, வதந்திகள்தான் செய்தியின் இடத்தைப் பிடித்தன. 2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் ரயில்களில் குண்டுகள் வெடித்து 190க்கும் மேற்பட்டோர் இறந்தபோது நடந்தது இன்னும் பாடம் நிறைந்தது. பாஸ்க் பிரிவினை அமைப்பான இ.டி.ஏ.தான் காரணம் என்று ஸ்பெயின் அரசு உறுதியாகச் சொன்னது, ஐ.நா. பாதுகாப்பு மன்றமே அன்று நிறைவேற்றிய தீர்மானத்தில் அந்த அமைப்பின் பெயரைக் குறிப்பிட்டது. மூன்று நாட்களில் பொதுத்தேர்தல். விசாரணை இஸ்லாமியத் தீவிரவாதிகளை நோக்கித் திரும்புகிறது என்பதை வானொலிகளும் நாளிதழ்களும் விடாமல் தோண்டி வெளியிட்டிராவிட்டால், வாக்காளர்கள் தவறான தகவலோடு வாக்குச்சாவடிக்குப் போயிருப்பார்கள். தாக்குதலைப் பற்றிய செய்திகளைக் குறைக்கச் சொல்லும் குரல்களுள் அரசுகளின் குரல் எப்போதும் உரக்க ஒலிப்பதற்கு இத்தகைய காரணங்களும் உண்டு.

கொலையாளி எழுதியதை வெளியிடவே கூடாது என்ற விதியும் எல்லா நேரத்திலும் செல்லாது. அமெரிக்காவில் 17 ஆண்டுகளாகக் குண்டுகளை அஞ்சலில் அனுப்பியும் நேரில் வைத்தும் மூன்று பேரைக் கொன்ற ‘யூனாபாம்பர்’ தன் 35,000 சொல் அறிக்கையை அச்சிட வேண்டும் என்று மிரட்டியபோது, 1995 செப்டம்பரில் வாஷிங்டன் போஸ்ட் அதை அச்சிட்டது. நியூயார்க் டைம்ஸ் செலவைப் பகிர்ந்துகொண்டது. மிரட்டலுக்குப் பணிந்துவிட்டார்கள் என்று பலரும் சாடினார்கள். அந்த அறிக்கையின் நடையைத் தன் அண்ணனுடையதென்று தம்பி அடையாளம் கண்டதால்தான் அடுத்த ஏப்ரலில் அவர் பிடிபட்டார். மறுபுறம், செய்தியை அறவே நிறுத்தி வைப்பதும் சில வேளைகளில் சரியே: 2008 நவம்பரில் ஆப்கானிஸ்தானில் செய்தியாளர் டேவிட் ரோட் கடத்தப்பட்டதை அவருடைய நாளிதழும் பிற செய்தி நிறுவனங்களும், அவர் அடுத்த ஜூனில் தப்பி வரும் வரை வெளியிடவில்லை. தங்கள் சகாவுக்காக இவ்வளவு கட்டுப்பாடு காட்ட முடிந்தவர்கள், முகம் தெரியாத பணயக்கைதிக்காகவும் அதைக் காட்டலாமே என்று கேட்பதில் தவறில்லை.

கொலையாளியின் பெயரையும் படத்தையும் பற்றி நிறையப் பேசப்படுகிறது. கிறைஸ்ட்சர்ச் தாக்குதலுக்குப் பின் அவர் பெயரை ஒருபோதும் உச்சரிக்கப் போவதில்லை என்று நியூசிலாந்துப் பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் அறிவித்தார். 2016இல் நீஸ் நகரத் தாக்குதலுக்குப் பிறகு, கொலையாளிகளின் படங்களை இனி வெளியிடுவதில்லை என்று பிரான்சின் ‘ல மோந்த்’ முடிவெடுத்தது. பெயரைத் தடைசெய்வதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கி.மு. 356இல் புகழுக்காகவே எபேசுஸ் நகரின் ஆர்ட்டெமிஸ் கோயிலைக் கொளுத்தியவனின் பெயரைச் சொல்லவே கூடாது என்று அந்நகரத்தார் விதித்தார்கள்; ஹெரோஸ்ட்ராட்டஸ் என்ற அந்தப் பெயர் இன்றும் நமக்குத் தெரிகிறது. பெயரை மறைத்தால் வதந்தி வேறு யாருடைய பெயரையாவது அங்கே வைக்கும். அந்த வேறொருவர் குற்றமற்றவராக இருப்பார். பெயரை ஒருமுறை சொல்லிவிட்டு நகர்வது போதும். படம் வேறு. துப்பாக்கியோடு தான் எடுத்துத் தயாராக வைத்துவிட்டுப் போன படத்தை அச்சிடும் நாளிதழ், அவன் வகுத்த வடிவமைப்பை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. கிறைஸ்ட்சர்ச் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் 200க்கும் குறைவு என்று ஃபேஸ்புக் தெரிவித்தது. ஆனால் முதல் 24 மணி நேரத்தில் அந்தக் காணொளியின் 15 லட்சம் பிரதிகளை நீக்கவோ தடுக்கவோ வேண்டியிருந்தது. சில பெரிய செய்தி இணையதளங்களும் அதன் துண்டுகளை வெளியிட்டன. சமூக ஊடகம் இருக்கும்போது எங்கள் கட்டுப்பாட்டால் என்ன பயன் என்று கேட்கும் ஆசிரியர்கள் இந்த ஒரு நிகழ்வையாவது எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று அவர்களுள் சிலரும் பரப்பியவர்களின் வரிசையில் நின்றார்கள்.

அதே நியூசிலாந்தில் சரியான முன்மாதிரியும் கிடைத்தது. முக்கியமான ஐந்து செய்தி நிறுவனங்கள், வழக்கு விசாரணையை எப்படி எழுதுவது என்று தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டன: வெள்ளை இனவெறிக் கருத்துகளைப் பரப்பும் அறிக்கைகளுக்கு இடம் தருவதைக் கட்டுப்படுத்துவது, அதன் சின்னங்களையும் சைகைகளையும் காட்டாமல் இருப்பது, அனுபவமிக்க செய்தியாளர்களையே நீதிமன்றத்துக்கு அனுப்புவது. 2020 ஆகஸ்டில் தண்டனை விதிக்கும் விசாரணை நடந்தபோது செய்திகளை நிறைத்தவை, தப்பிப் பிழைத்தவர்களும் இறந்தவர்களின் குடும்பத்தாரும் கொலையாளியின் முன் நின்று சொன்ன வாக்குமூலங்கள். இந்த வகைச் செய்தி எவ்வளவு வந்தாலும் அதை மிகை என்று நான் சொல்ல மாட்டேன். உளவுத்துறை எங்கே தவறியது, காயம்பட்டவர்களுக்கு இழப்பீடு கிடைத்ததா, துப்பாக்கி எப்படிக் கைக்கு வந்தது என்ற கேள்விகள் எல்லா நாடுகளிலும் தாக்குதலுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் விடை பெறத் தொடங்குகின்றன. அப்போது களத்தில் கேமராக்கள் இருப்பதில்லை.

இதையெல்லாம் சட்டத்தால் செய்துவிடலாம் என்று நம்புபவர்கள் பிரிட்டனின் அனுபவத்தைப் பார்க்க வேண்டும். பயங்கரவாதிகளுக்கு விளம்பரம் என்னும் பிராணவாயு கிடைக்காமல் செய்ய வேண்டும் என்று 1985இல் மார்கரெட் தாட்சர் பேசினார்; 1988இல் அவருடைய அரசு, ஐ.ஆர்.ஏ. ஆயுதக் குழுவின் அரசியல் பிரிவாகக் கருதப்பட்ட ஷின் ஃபெயின் கட்சி உள்ளிட்ட வட அயர்லாந்து அமைப்புகளின் பிரதிநிதிகள் பேசும் குரலை ஒலிபரப்பத் தடை விதித்தது. குரலுக்குத்தான் தடை, சொற்களுக்கு இல்லை என்பதால், அக்கட்சியின் தலைவர் ஜெரி ஆடம்ஸ் திரையில் வாயசைக்க, நடிகர் ஒருவர் அவருக்குப் பின்னணிக் குரல் கொடுக்கும் கூத்து 1994 வரை நடந்தது. இந்தியா 2015இல் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் செய்த திருத்தம் இதைவிடக் குறுகலானது, அதனாலேயே ஏற்கத்தக்கது: பாதுகாப்புப் படையினரின் பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை முடியும் வரை நேரலை கூடாது, அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது தரும் விளக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று மட்டும் அது சொல்கிறது. நடவடிக்கை முடிந்ததும் தடையும் முடிகிறது என்பதே அதன் வலு; முடிந்தபின் அந்த அதிகாரியின் விளக்கத்தைக் கேள்வி கேட்கும் வேலையைச் செய்தியாளர்கள் செய்தாக வேண்டும், அதைத் தடுக்க அந்த விதியை நீட்டினால் நான் அதற்கு எதிர்ப்பக்கம் நிற்பேன்.